டூலா கட்டணத்தை ஹெல்த் இன்ஷூரன்ஸ் தருமா? கர்ப்பம் உறுதியாகும் முன்பே கேட்க வேண்டிய கேள்விகள்

உங்களுக்கு வேலை பெங்களூருவில், அம்மா வீடு மேல்கோட்டையில் என்று வைத்துக்கொள்வோம். சீமந்தம் முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு ஊருக்குப் போவதாகத் திட்டம். ஊரில் மலை இருக்கிறது, செலுவநாராயணர் கோயில் இருக்கிறது, கல்யாணிக் குளம் இருக்கிறது, புளியோதரை இருக்கிறது. பெரிய மருத்துவமனை வேண்டுமென்றால் மட்டும் மலையிறங்கி மண்டியாவுக்கோ, சுமார் 50 கிலோமீட்டர் தள்ளியுள்ள மைசூருவுக்கோ போக வேண்டும்.

வலி எடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, அந்த எட்டு மணி நேரமோ பதினெட்டு மணி நேரமோ உங்கள் பக்கத்தில் யார் இருப்பார்கள்? நர்ஸுக்கு இன்னும் நாலு பேரைப் பார்க்க வேண்டும். டாக்டர் கடைசியில்தான் வருவார். கணவரை உள்ளே விடுவார்களா என்பது தெரியாது. ஆபீஸ் தோழி ஒருத்தி "டூலா வச்சுக்கோ" என்கிறாள். விசாரித்தால் கட்டணம் பல பத்தாயிரம் ரூபாய். உடனே எல்லோருக்கும் வரும் கேள்விதான் உங்களுக்கும் வருகிறது: கம்பெனி கொடுத்த ஹெல்த் இன்ஷூரன்ஸ் சும்மாதானே கிடக்கிறது, அதிலிருந்து இதைக் கட்ட முடியாதா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். "டூலா கட்டணம்" என்று எழுதிய பில்லை வழக்கமான இந்திய பாலிசியில் க்ளெய்ம் போட்டால் பணம் வராது. ஆனால் டூலா தருகிற அந்தத் துணையைப் பெற நேர்வழிகள் சில இருக்கின்றன. அவற்றில் முக்கியமானவை ஒன்பதாம் மாதத்தில் பயன்படாது. பாலிசி புதுப்பிக்கும் முன்பு, முடிந்தால் கர்ப்பத்துக்கே முன்பு யோசிக்க வேண்டியவை.

டூலா என்பவர் யார்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். டூலா, மருத்துவச்சி அல்ல. நம் பாட்டிகள் காலத்து மருத்துவச்சி பிரசவம் பார்த்தார். கன்னடத்தில் அவரை 'சூலகித்தி' என்பார்கள். தும்கூரு மாவட்டம் பாவகடா பகுதியில் 15,000க்கும் மேற்பட்ட பிரசவங்களை இலவசமாகப் பார்த்த சூலகித்தி நரசம்மாவுக்கு 2018இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது; அதே ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார். அவர் கைதேர்ந்த பிரசவ உதவியாளர். டூலா பிரசவம் பார்க்க மாட்டார், ஊசி போட மாட்டார், உள்பரிசோதனை செய்ய மாட்டார். வலியின்போது இடுப்பை அழுத்திப் பிடிப்பார், எப்படி மூச்சு விடுவது, எப்போது நடப்பது, எப்படிச் சாய்வது என்று சொல்வார், டாக்டர் சொன்னதைப் புரியும் மொழியில் திரும்பச் சொல்வார், கடைசிவரை கூடவே இருப்பார். பிறகு சில நாட்கள் தாய்ப்பால் கொடுக்கவும் உதவுவார்.

இதற்கெல்லாம் காசு தேவையா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தொடர்ந்த துணை என்பது வெறும் ஆறுதல் சமாச்சாரம் இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017இல் வெளியிட்ட மதிப்பாய்வு, 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளை எடுத்துக்கொண்டது. வலி நேரம் முழுக்க ஒருவர் கூடவே இருந்த பெண்களுக்கு சுகப்பிரசவம் ஆகும் வாய்ப்பு கூடியது, சிசேரியன் ஆகும் வாய்ப்பு ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது, வலி நேரமும் கொஞ்சம் சுருங்கியது. கெடுதல் எதுவும் தென்படவில்லை. 2018இல் உலக சுகாதார நிறுவனமும், பெண் தானே தேர்ந்தெடுக்கும் ஒரு துணை பிரசவத்தின்போது உடனிருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஆய்வுகளில் துணை இருந்தவர்கள் எல்லோரும் டூலாக்கள் இல்லை. சில இடங்களில் மருத்துவமனை ஊழியர், சில இடங்களில் பயிற்சி பெற்ற வெளியாள், சில இடங்களில் தோழியோ உறவினரோ. செலவைப் பற்றிப் பேசும்போது இந்த விவரம் மறுபடி தேவைப்படும்.

இன்ஷூரன்ஸ் ஏன் தருவதில்லை?

பாலிசி புத்தகத்தை எடுத்து மூன்று இடங்களைப் பாருங்கள், விஷயம் புரிந்துவிடும்.

முதல் இடம், 'மருத்துவமனை' என்பதற்கான விளக்கம். பாலிசி பணம் தருவது சட்டப்படி பதிவு பெற்ற மருத்துவமனையில் நடக்கும் சிகிச்சைக்கு. பதிவு இல்லையென்றால், 10 லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊரில் குறைந்தது 10 படுக்கை, மற்ற இடங்களில் 15 படுக்கை, 24 மணி நேரமும் டாக்டர், நர்ஸ், ஆபரேஷன் தியேட்டர் என்று அளவுகோல் நீள்கிறது. வீட்டிலேயே பிரசவம் என்றாலும், ரொம்பச் சின்ன பிரசவ மையம் என்றாலும் இங்கேயே மாட்டிக்கொள்ளும் என்பதை மனதில் வையுங்கள்.

இரண்டாவது இடம், கொடுக்கப்படாத பொருட்களின் பட்டியல். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த பட்டியல் இது. குழந்தை உணவு, சானிட்டரி பேட், துணி துவைக்கும் செலவு, டெலிபோன் கட்டணம் என்று போகும். அதற்குள்ளேயே 'தனி நர்ஸ் கட்டணம்', 'அட்டெண்டன்ட் கட்டணம்' என்று இரண்டு வரிகள் இருக்கின்றன. டூலா என்ற சொல் அங்கே இல்லை. ஆனால் க்ளெய்மைப் பார்க்கும் டிபிஏ ஊழியர் உங்கள் டூலா பில்லைப் பார்த்ததும் முதலில் எடுத்து நீட்டப்போவது அந்த 'அட்டெண்டன்ட்' வரியைத்தான். பதினெட்டு மணி நேரம் இடுப்பைப் பிடித்துவிட்டவரும், கதவருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவரும் பாலிசிக் கணக்கில் ஒன்றுதான்.

மூன்றாவது இடம், விலக்குகள் பகுதியில் 'எக்ஸ்க்ளூஷன் 18'. பிரசவம், சிசேரியன் உள்பட மகப்பேறு சார்ந்த எந்தச் செலவும் கிடையாது என்பதே இதன் சாரம். கருப்பைக்கு வெளியே கரு தங்கும் நிலைக்கு விதிவிலக்கு உண்டு. மகப்பேறு கவரேஜ் என்று தனியாகச் சேர்த்திருந்தால்தான் இந்த விலக்கு நீங்கும். நீங்களாக வாங்கும் பாலிசிகளில் அப்படிச் சேர்த்தாலும் காத்திருப்புக் காலம் உண்டு. திட்டத்தைப் பொறுத்து 9 மாதம் முதல் 4 ஆண்டு வரை போகும். கல்யாணத் தேதி குறித்த கையோடு இதையும் பார்த்துவிடுவது நல்லது என்று சொன்னால் பெண்வீட்டார், மாப்பிள்ளைவீட்டார் ரெண்டு பேருமே முறைப்பார்கள். ஆனாலும் அதுதான் சரியான நேரம்.

இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொரு காரணம் இருக்கிறது. டாக்டருக்குப் பதிவு எண் உண்டு, நர்ஸுக்கு உண்டு, பயிற்சி பெற்ற மிட்வைஃபுக்கும் உண்டு. டூலாவுக்கு இந்தியாவில் அரசுப் பதிவேடு கிடையாது. யாருக்குப் பயிற்சி இருக்கிறது, யாருக்கு இல்லை என்று காப்பீட்டு நிறுவனம் எதை வைத்துச் சரிபார்க்கும்?

இதில் ஒரு முரணும் உண்டு. 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, கர்நாடகத்தில் நடந்த பிரசவங்களில் 31.5 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 52.5. தமிழ்நாட்டில் மொத்தம் 44.9, தனியாரில் 63.8. பல நிறுவன பாலிசிகளில் சுகப்பிரசவத்துக்கு ஒரு வரம்பு, சிசேரியனுக்கு அதைவிட அதிகமாக இன்னொரு வரம்பு வைத்திருப்பார்கள். அறுவை சிகிச்சைக்குக் கூடுதல் பணம் ரெடியாக இருக்கிறது. அதைக் குறைக்கக்கூடிய துணைக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. சிசேரியன் தேவைப்படும்போது அது உயிர் காக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கணக்கு இப்படி ஒரு பக்கம் சாய்ந்திருப்பது காப்பீட்டு நிறுவனத்துக்கே லாபமா என்று யோசிக்க வேண்டிய விஷயம்.

சரி, அப்போ என்னதான் வழி?

கம்பெனி தரும் குரூப் பாலிசியிலிருந்து தொடங்குவோம். இதில் மகப்பேறுக்குப் பெரும்பாலும் காத்திருப்புக் காலம் இருக்காது. ஆனால் "5 லட்சம் கவர்" என்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். மகப்பேறுக்கு அதற்குள் தனியாக ஒரு சின்ன வரம்பு இருக்கும். எச்.ஆர். போர்ட்டலில் இருக்கும் ஒரு பக்கச் சுருக்கத்தை நம்பாமல் முழு பாலிசி ஆவணத்தைக் கேட்டு வாங்குங்கள். சுகப்பிரசவ வரம்பு எவ்வளவு, பிரசவத்துக்கு முன்பும் பின்பும் டாக்டரைப் பார்க்கும் செலவு அதற்குள்ளா, தனியா, குழந்தை முதல் நாளிலிருந்தே கவர் ஆகுமா என்பதைப் பாருங்கள். கணவருக்கும் அவர் கம்பெனியில் மகப்பேறு கவரேஜ் உள்ள பாலிசி இருந்தால், ஒன்றில் வரம்பு முடிந்த பிறகு மீதி பில்லை இன்னொன்றில் கேட்கலாம். இது பலருக்குத் தெரிவதில்லை.

டூலாவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? மருத்துவமனை பில் முழுக்க இன்ஷூரன்ஸில் போனால், பிரசவத்துக்கென்று சேர்த்துவைத்த உங்கள் கைப்பணம் மிச்சமாகும். டூலாவுக்கு அதைக் கொடுக்கலாம். உதாரணத்துக்கு, மருத்துவமனை பில் 90,000, உங்கள் வரம்பு 60,000, கணவர் பாலிசியிலிருந்து மீதி 30,000 என்று வந்தால், டூலாவுக்குத் தனியாகக் கடன் வாங்க வேண்டியதில்லை. சுற்றுவழிதான், ஆனால் இன்றைக்கு நடைமுறையில் அதிகம் உதவுவது இதுதான்.

அம்மா வீட்டில் பிரசவம் என்றால் இன்னொரு வேலையும் இருக்கிறது. பெங்களூருவில் உங்கள் பாலிசிக்கு நெட்வொர்க் மருத்துவமனைகள் ஏராளம் இருக்கும். மைசூருவிலும் மண்டியாவிலும் எவை இருக்கின்றன என்று ஏழாம் மாதத்திலேயே பாருங்கள். நெட்வொர்க்கில் இல்லாத மருத்துவமனையிலும் கேஷ்லெஸ் பெறும் ஏற்பாடு 2024 ஜனவரியில் அறிமுகமானது. திட்டமிட்ட அட்மிஷன் என்றால் 48 மணி நேரம் முன்பே நிறுவனத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். அவசரம் என்றால் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள் சொல்லலாம். நடுராத்திரி மலையிறங்கும்போது டிபிஏ நம்பரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. அம்மா போனிலும் அப்பா போனிலும் அதை முன்பே சேவ் செய்து கொடுங்கள்.

அடுத்து, மருத்துவமனையையே கேட்கும் வழி. உங்களுக்கு வேண்டியது 'டூலா' என்ற பெயரா, இல்லை வலி நேரம் முழுக்க விலகாமல் இருக்கும் ஒரு ஆளா? இரண்டாவது என்றால், சில மருத்துவமனைகள் பயிற்சி பெற்ற மிட்வைஃப்களை வேலைக்கு வைத்திருக்கின்றன. ஹைதராபாத்தின் ஃபெர்னாண்டஸ் மருத்துவமனை 2011லிருந்து இதற்கென்றே பயிற்சி தருகிறது. மத்திய அரசும் 2018இல் மிட்வைஃபரி சேவைக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. மிட்வைஃப் மருத்துவமனை ஊழியர், பதிவு பெற்றவர், அவருடைய சேவை பிரசவ பேக்கேஜுக்குள்ளேயே வந்துவிடும். டிபிஏ பார்ப்பது ஒரே பேக்கேஜ் தொகை. அட்டெண்டன்ட் வரிக்கு அங்கே வேலையில்லை. எனவே மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது "டெலிவரி பேக்கேஜ் எவ்வளவு?" என்பதோடு நிறுத்தாமல், "வலி எடுத்ததிலிருந்து என்னோடு ஒருவர் தொடர்ந்து இருப்பாரா, அவர் யார், அது பேக்கேஜில் அடங்குமா?" என்றும் கேளுங்கள்.

எச்.ஆருக்கு ஒரு மெயில்

நீண்ட காலத்துக்குப் பலன் தரக்கூடியது இந்த வழிதான் என்பது என் கருத்து. குரூப் பாலிசி என்பது கடையில் வாங்கும் ரெடிமேட் சட்டை இல்லை, தைத்துக்கொள்ளும் சட்டை. உங்கள் நிறுவனமும் காப்பீட்டு நிறுவனமும் உட்கார்ந்து பேசி, கூடுதல் பிரீமியம் கட்டி, புதிய வரிகளைச் சேர்க்க முடியும். பேச்சுவார்த்தை நடப்பது புதுப்பிப்புக்கு இரண்டு மூன்று மாதம் முன்பு. ஏப்ரலில் புதுப்பிப்பு என்றால் ஜனவரியில் மெயில் போக வேண்டும்.

மெயிலை ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள், சாரம் இப்படி இருக்கலாம்: "நமது மகப்பேறு வரம்புக்குள்ளேயே, சிகிச்சை தரும் டாக்டரின் பரிந்துரைக் கடிதம் இருந்தால், பயிற்சி பெற்ற பிரசவத் துணையின் கட்டணத்தை இத்தனை ரூபாய் வரை திருப்பித் தர வழி செய்யுங்கள். மொத்த வரம்பு கூடாது. வரம்பு மீதமிருந்தால் அதைப் பயன்படுத்த அனுமதி மட்டுமே கேட்கிறோம். பாலிசியில் முடியாவிட்டால், நிறுவனத்தின் வெல்னஸ் தொகையிலிருந்து இதற்குப் பயன்படுத்த அனுமதியுங்கள்."

'வரம்பு கூடாது' என்ற இடம்தான் முக்கியம். நிதித் துறைக்கு முதலில் அந்த வரிதான் கண்ணில் படும். தனியாக அனுப்பாமல் பத்துப் பேர் சேர்ந்து அனுப்புங்கள்; அதில் நாலு ஆண்களும் இருக்கட்டும். அவர்கள் மனைவிமாரும் அந்த பாலிசியில்தானே இருக்கிறார்கள்.

சின்னதாக இன்னொன்று. பேறுகால மருத்துவ வசதியை நிறுவனம் இலவசமாகச் செய்து தராவிட்டால், மகப்பேறு பயன் பெறும் பெண்ணுக்கு 3,500 ரூபாய் மருத்துவ போனஸ் தர வேண்டும் என்கிறது சட்டம். 26 வார விடுமுறை பற்றித் தெரிந்த அளவுக்கு இது பலருக்குத் தெரியாது. டூலா கட்டணத்தில் இது ஒரு மூலைக்குத்தான் வரும். ஆனால் எதற்குச் செலவு செய்தீர்கள் என்று யாரும் கேட்க முடியாத பணம்.

செய்யவே கூடாத ஒன்று

"பில்லில் பிசியோதெரபின்னு போட்டுத் தரேன், க்ளெய்ம் பண்ணிக்கோங்க" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது பொய்யான க்ளெய்ம். சில ஆயிரம் ரூபாய்க்காகப் பிரசவ பில் முழுவதும் சந்தேகத்தில் மாட்டும், பாலிசி ரத்தாகலாம், குரூப் பாலிசி என்பதால் விஷயம் நேராக உங்கள் எச்.ஆர். மேசைக்குப் போகும். மகப்பேறு விடுமுறையில் இருக்கும்போது அந்த மாதிரி ஒரு ஃபோன் கால் யாருக்கும் வேண்டாம்.

ஆனால் உண்மையாகவே பதிவு பெற்ற பிசியோதெரபிஸ்ட்டிடம் போனால், மனநல மருத்துவரைப் பார்த்தால், அது வேறு. பாலிசியில் ஓபிடி கவரேஜ் இருந்தால் அந்தச் செலவைக் கேட்டுப் பாருங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்கு மருத்துவமனையில் சேர நேர்ந்தால், "இதெல்லாம் கவர் ஆகாது" என்று யாரோ சொன்னதைக் கேட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

காசே இல்லாமல் துணை கிடைக்குமா?

கிடைக்கும். அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது ஒரு துணையை அனுமதிக்கலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2016 பிப்ரவரியில் அறிவித்தது. ஏற்கெனவே பிள்ளை பெற்ற அனுபவமுள்ள பெண் உறவினர் வரலாம். தனிமைக்கு வசதி உள்ள இடங்களில் கணவரும் வரலாம். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இந்தப் பழக்கம் அதற்கும் பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது. மைசூருவின் செலுவாம்பா போன்ற அரசு மகப்பேறு மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்தால், செக்கப்புக்குப் போகும்போதே துணைக்கு யாரை விடுவார்கள் என்று கேட்டு வையுங்கள். தனியாரில் இது ஒவ்வொரு மருத்துவமனையின் சொந்த விதி. லேபர் வார்டு வாசலில் நின்று வாதாட முடியாது. முன்பே கேட்டு, அனுமதியை உங்கள் ஃபைலில் டாக்டர் கையால் எழுதி வாங்குவது உத்தமம்.

காக்ரேன் ஆய்வில் உறவினர்களும் துணையாக இருந்தார்கள் என்று முன்பு சொன்னது இங்கேதான் உதவும். முழுநேர டூலாவுக்கு வசதி இல்லையென்றால், டூலா நடத்தும் இரண்டு மூன்று வகுப்புகளுக்கு மட்டும் பணம் கட்டி, அம்மாவையோ கணவரையோ கூட்டிக்கொண்டு போகலாம். முதுகை எங்கே அழுத்துவது, வலி ஏறும்போது என்ன பேசுவது, அதைவிட முக்கியமாக எதைப் பேசாமல் இருப்பது என்று அவர்கள் கற்றுக்கொள்வார்கள். "நாங்கெல்லாம் வயல்லயே பெத்தோம்" என்பது அந்த நேரத்தில் பேசக் கூடாதவற்றில் முதலிடம்.

அமெரிக்காவில் இருக்கும் தோழிக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது?

நியூ ஜெர்சியிலோ கலிஃபோர்னியாவிலோ இருக்கும் தோழி "எனக்கு இன்ஷூரன்ஸே கொடுத்துச்சே" என்று சொல்லக்கூடும். உண்மைதான், ஆனால் அங்கேயும் அது லேசில் வரவில்லை. குறைந்த வருமானத்தினருக்கான மெடிகெய்ட் திட்டத்தில் டூலாவை முதலில் சேர்த்தவை ஒரேகான், மினசோட்டா மாநிலங்கள். கலிஃபோர்னியாவில் 2023 ஜனவரி 1 முதல்தான் வந்தது. வால்மார்ட் 2021இல் ஜார்ஜியா மாநில ஊழியர்களுக்கு 1,000 டாலர் வரை டூலா உதவி தரத் தொடங்கியது. அது நம் எச்.ஆர். மெயில் மாதிரியான வழி.

இந்த மாநிலங்களில் பொதுவாக இருப்பது ஒரு விஷயம். டூலாவுக்கு என்ன பயிற்சி வேண்டும், எப்படிப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று மாநிலம் முதலில் வரையறுத்தது, பிறகுதான் பணம் வந்தது. டூலா அங்கே சேவை வழங்குநர் எண் வாங்கலாம், க்ளெய்மில் எழுதத் தனிக் குறியீடும் இருக்கிறது. தனியார் இன்ஷூரன்ஸ் மறுத்தால்கூட, அந்த எண்ணும் குறியீடும் போட்ட பில்லை டாக்டர் கடிதத்தோடு அனுப்பி, ஒரு பகுதியாவது திரும்பக் கேட்டுப் பார்ப்பார்கள். இந்தியாவில் அலைட் ஹெல்த் தொழில்களுக்கான சட்டம் 2021இல் வந்தது, நர்ஸிங் மற்றும் மிட்வைஃபரி ஆணையச் சட்டம் 2023இல் வந்தது. இரண்டிலும் டூலாவுக்கு இடம் இல்லை. அந்த இடம் கிடைக்காதவரை பாலிசியில் தனி வரியை எதிர்பார்ப்பது கஷ்டம்.

க்ளெய்மை மறுத்துவிட்டால்?

டூலா பில்லுக்காகச் சண்டை போட்டு ஜெயிப்பது, பாலிசியில் அந்த வரி எழுத்தில் இல்லாதபோது, நடக்காது. அதற்கு நேரத்தைச் செலவிடாதீர்கள். ஆனால் அதைச் சாக்காக வைத்து மற்ற பிரசவச் செலவிலும் கை வைத்தால் விடாதீர்கள். பாலிசியின் எந்த வரியின்படி மறுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரியிடம் முதலில் எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அவர் விசாரிக்கலாம். கர்நாடகத்துக்கான அலுவலகம் பெங்களூருவில் இருக்கிறது. ஐஆர்டிஏஐயின் 'பீமா பரோசா' தளத்திலும், 155255 என்ற எண்ணிலும் புகார் பதியலாம்.

புகாருக்குத் தேவையான காகிதங்களை, அதாவது பாலிசி நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, விவரமான பில், டாக்டரின் பரிந்துரைக் கடிதம் ஆகியவற்றை, டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே போனில் படம் எடுத்துவிடுங்கள். டூலாவிடம் வாங்கும் ரசீதையும் சேர்த்தே வையுங்கள். அடுத்த ஜனவரியில் எச்.ஆருக்கு மெயில் அனுப்பும்போது, "இதோ, போன பிரசவத்தில் நான் கைக்காசு போட்டுக் கட்டியது" என்று இணைக்க உதவும்.